டி மைனரில் பாஹ்: விசைகளுக்குள் இருக்கும் வயலின்

வாசகர் கேள்வி – பதில்

ஜொஹான் செபாஸ்டியன் பாஹ் எழுதிய டி மைனர் கீபோர்டு கன்செர்ட்டோவை (தனி வாத்தியமும் குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு; பாஹ் படைப்புப் பட்டியலில், அதாவது பி.டபிள்யூ.வி.யில், எண் 1052) வாசிக்கக் கையில் எடுத்திருக்கும் வேலூர் வட்டார வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக இணைத்திருக்கிறோம்.

கீபோர்டுக்கென்று எழுதப்பட்ட முதல் கன்செர்ட்டோ இதுதான் என்கிறார்கள். உண்மையா? எப்போது எழுதினார்?
– வாசகி, காட்பாடி

முதல் என்று சொல்ல வேண்டுமானால் அந்த இடம் 1721-இல் பாஹ் காணிக்கையாக அனுப்பிய பிராண்டன்பர்க் கன்செர்ட்டோக்களில் ஐந்தாவதற்குத்தான் போகும். அதுவரை குழு இசையில் ஹார்ப்சிகார்டின் (பியானோவுக்கு முந்தைய விசை வாத்தியம்) வேலை பெரும்பாலும் பக்கவாத்தியம் மட்டுமே. கீழ்ச்சுரத்தைப் பிடித்துக்கொண்டு மேலே கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்களை) நிரப்பும். ஐந்தாவது பிராண்டன்பர்க்கில் புல்லாங்குழலும் வயலினும் ஒதுங்கி நிற்க, ஹார்ப்சிகார்ட் மட்டும் 65 பார் (தாளச் சுற்று) தனியாக வாசிக்கிறது. 1719-இல் பெர்லினிலிருந்து ஒரு புதிய பெரிய ஹார்ப்சிகார்டை பாஹ் வாங்கி வந்திருந்தார். அந்த வாத்தியத்தை மனதில் வைத்தே இந்த நீண்ட தனி ஆவர்த்தனம் எழுதப்பட்டதாகப் பலரும் கருதுகிறார்கள்.

நீங்கள் கேட்கும் டி மைனர் அதற்குப் பிந்தியது. 1738 வாக்கில் பாஹ் தன் கைப்பட எழுதிய ஒரே தொகுப்பில் 1052 முதல் 1058 வரை ஏழு கன்செர்ட்டோக்களும், எட்டாவதன் முதல் 9 பாரும் இருக்கின்றன. அந்தச் சுவடி இன்று பெர்லின் அரசு நூலகத்தில் இருக்கிறது. லைப்சிக் நகரத்தில் அவர் நடத்திய கொலேஜியம் மியூசிக்கம் என்ற குழு, ஸிம்மர்மன் என்பவரின் காபிக் கடையில் குளிர்காலத்தில் வெள்ளிக்கிழமை இரவு எட்டு முதல் பத்து மணி வரை வாசிக்கும். இந்தக் கன்செர்ட்டோக்கள் அந்த மாதிரிக் கூடத்துக்கான இசை. ஆளுயர மேடையும் நூறு பேர் ஆர்கெஸ்ட்ராவும் இவற்றுக்குத் தேவையே இல்லை.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறோம், கீழே வரும் பாதிப் பதில்களுக்கு அதுதான் அடிப்படை. இந்த ஏழில் பெரும்பாலானவை வேறு வாத்தியத்துக்கு எழுதியதை விசைகளுக்கு மாற்றியவை. இ மேஜர் வயலின் கன்செர்ட்டோ ஒரு முழுச் சுரம் இறங்கி டி மேஜர் ஆயிற்று. ஏ மைனர் வயலின் கன்செர்ட்டோ ஜி மைனர் ஆயிற்று. டி மைனருக்கும் ஒரு வயலின் மூலம் இருந்து தொலைந்துபோனது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. சுரங்களைப் பார்த்தாலே அது தெரியும். அதை மறந்து வெறும் விரல் பயிற்சியாக வாசித்தால் தையல் மிஷின் ஓடுவது போலத்தான் கேட்கும்.

ரெக்கார்டிங்கைப் போட்டுக் கூடவே வாசித்தால் என் கீபோர்டு அரைச் சுரம் மேலே நிற்கிறது. கீபோர்டில் கோளாறா?
– வாசகர், சத்துவாச்சாரி

கோளாறு இல்லை. பழைய வாத்தியங்களில் வாசிக்கும் குழுக்கள் நடு ஏ சுரத்தை 415 ஹெர்ட்ஸில் வைக்கின்றன. உங்கள் கீபோர்டில் அது 440. இரண்டுக்கும் இடையே சரியாக ஒரு அரைச் சுரம். டிரான்ஸ்போஸ் பட்டனில் (எல்லா விசைகளின் சுருதியையும் ஒன்றாக ஏற்றி இறக்குவது) –1 வைத்தால் சேர்ந்துவிடும். பியானோவில் வாசித்த ரெக்கார்டிங் என்றால் பெரும்பாலும் 440-ஐ ஒட்டியே இருக்கும், மாற்ற வேண்டாம்.

பயிற்சி முடிந்ததும் 0-க்குத் திருப்பி வையுங்கள். கரண்ட் போய் வந்தால் பல மாடல்களில் டிரான்ஸ்போஸ் தானாகவே 0-க்குப் போய்விடும், சிலவற்றில் வைத்தபடியே இருக்கும். உங்களுடையது எந்த வகை என்று ஒருமுறை சுவிட்சை அணைத்துப் போட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நிகழ்ச்சியன்று வயலின்காரர்கள் சுருதி சேர்க்கும் முன் கீபோர்டின் திரையில் 0 இருக்கிறதா என்று பார்ப்பது கீபோர்டுக்காரரின் பொறுப்பு.

61 விசைகள் உள்ள கீபோர்டு போதுமா, 88 வேண்டுமா? என்ன செட்டிங் வைக்க வேண்டும்?
– வாசகர், ஆம்பூர்

படிக்க 61 போதும். பாஹ் கையாண்ட ஹார்ப்சிகார்டுகளின் வீச்சே ஐந்து ஆக்டேவுக்குள்தான். இந்தக் கன்செர்ட்டோக்களில் வலது பக்கம் பெரும்பாலும் மேல் டி-யோடு நிறுத்திக்கொள்கிறார். விசைகள் முழு அளவாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். குட்டி விசை மாடலில் பழகிய கை, பிறகு பியானோவில் ஒவ்வொரு தாவலிலும் தவறும்.

செட்டிங்கைப் பொறுத்தவரை, ஹார்ப்சிகார்ட் வாய்ஸ் எடுத்தால் டச் ரெஸ்பான்ஸை அணைத்துவிடுங்கள். ஹார்ப்சிகார்டில் விசையை அழுத்தினால் ஒரு சிறு இறகு முனை தந்தியை மீட்டும். மெல்ல அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் சத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். டச் ஆன் ஆகவே இருந்தால் பலவீனமான நாலாம், ஐந்தாம் விரல்களில் சுரங்கள் காணாமல் போகும். ஆட்டோ அகம்பனிமென்ட், ஸ்ப்ளிட், டூயல் மூன்றும் அணைந்திருக்க வேண்டும். ரிவெர்ப் குறைவாக இருந்தால் உங்கள் தவறுகள் உங்களுக்கே கேட்கும். பியானோ வாய்ஸில் வாசித்தால் டச் இருக்கட்டும், சஸ்டெய்ன் பெடலை மட்டும் வேகப் பகுதிகளில் தொடாதீர்கள். மெதுவான நடுப்பகுதியிலும் சுரங்களை விரலாலேயே இழைத்துப் பழகிவிட்டு, கடைசியில் தேவைப்படும் இடத்தில் மட்டும் பெடலைக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம்.

முதல் பகுதியின் நடுவில் ஒரே சுரம் விடாமல் திரும்பத் திரும்ப வரும் வேகமான இடங்கள் இருக்கின்றன. ஒரு பக்கம் முடிவதற்குள் என் மகளுக்கு முன்கை வலிக்கிறது. பியானோ தேர்வில் எட்டாம் கிரேடு முடித்தவள். என்ன தவறு செய்கிறாள்?
– வாசகி, குடியாத்தம்

மகளை வலியோடு தொடர விடாதீர்கள், முதலில் அது. அந்த இடங்களை ஒரு வேளைக்கு இருபது நிமிடத்துக்கு மேல் வாசிக்க வேண்டாம். முதல் பகுதி எட்டாம் கிரேடை விடக் கடினமானது. அவள் தடுமாறுவதில் வியப்பில்லை.

இனி காரணம். வயலினில் டி, ஏ, இ தந்திகள் விரல் வைக்காமல் திறந்தபடியே ஒலிக்கும். வில்லை மணிக்கட்டால் அலையவிட்டு, திறந்த தந்தியையும் பக்கத்துத் தந்தியில் விரல் வைத்த சுரத்தையும் மாற்றி மாற்றித் தொடுவது வயலின்காரருக்கு மிக இயல்பான வேலை. இதற்கு பாரியோலாஜ் என்று பெயர். ஒரு சுரம் அசையாமல் நிற்கும், மற்றவை அதைச் சுற்றி நடக்கும். வயலினில் நிலைச்சுரத்துக்கு எந்த உழைப்பும் கிடையாது. விசைகளில் அதையும் ஒவ்வொரு முறையும் விரலால் அடிக்க வேண்டியிருக்கிறது. மகள் இரண்டு சுரங்களுக்கும் ஒரே அளவு பலம் கொடுக்கிறாள். வலி அங்கிருந்துதான் வருகிறது, இசை தட்டையாவதும் அதனால்தான்.

மாதிரிக்கு இ நிலைச்சுரம், அதன் கீழே டி, சி, பி என்று ஒரு வரி இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். காகிதத்தில் இ–டி–இ–சி–இ–பி என்று இருக்கும். காதில் விழ வேண்டியது டி–சி–பி என்ற ஒரு ராகக் கோடும், பின்னால் தம்புரா போல இழையும் இ-யும்.

நகரும் சுரங்களை மட்டும், நிலைச்சுரமே இல்லாமல், மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) 60-இல், அதாவது நிமிடத்துக்கு 60 தட்டில், வாசிக்கச் சொல்லுங்கள். பாடிக்கொண்டே வாசிப்பது இன்னும் நல்லது. எது ராகம், எது நிரப்பு என்று அப்போதுதான் பிடிபடும். இரண்டு நாள் கழித்து நகரும் சுரத்தையும் நிலைச்சுரத்தையும் ஒரே அழுத்தத்தில் சேர்த்து, இரண்டிரண்டாக வாசிக்கட்டும். கை எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்பதைப் பிடிக்கத்தான் இது. மூன்றாவதாக, எழுதியபடியே பிரித்து வாசிக்க வேண்டும். இங்கே நகரும் சுரத்தை அதன் முழு நீளத்துக்கும் அழுத்தியபடி வைத்திருந்து, நிலைச்சுரத்தைச் சூடான கல்லைத் தொட்டது போல உடனே விட வேண்டும். ஹார்ப்சிகார்டில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது என்பதால் நீளத்தால்தான் முக்கியத்துவம் காட்ட முடியும். பியானோவிலும் இந்தப் பழக்கம் அப்படியே உதவும்.

விரல்களைத் தூக்கித் தூக்கி அடிக்க வேண்டாம். கதவுக் குமிழைத் திருகுவது போல முன்கை லேசாகச் சுழன்றாலே இரண்டு பக்க விரல்களும் மாறி மாறி விழும். முழங்கை உடம்போடு ஒட்டியிருந்தால் இந்தச் சுழற்சி வராது. ஒரு கை அகலம் வெளியே தள்ளி வைக்கச் சொல்லுங்கள். கட்டைவிரல் நிமிர்ந்து விறைத்திருந்தால் அதுதான் வலியின் ஊற்று.

வேகத்தை 60-லிருந்து இரண்டு நாளைக்கு ஒருமுறை 4 மட்டும் ஏற்றுங்கள். பெரும்பாலான கலைஞர்கள் முதல் பகுதியை 96 முதல் 104 வரை வாசிக்கிறார்கள். 100-இல் நொடிக்கு ஆறு ஏழு சுரம் விழும். 88-இல் தெளிவாக வந்தால் அதுவே மேடைக்குப் போதும். 84-ஐத் தாண்டும்போது மறுபடி வலித்தால், ஒரு பீட்டை முழு வேகத்தில் வாசித்து நிறுத்தி, தோளைத் தளர்த்தி, அடுத்த பீட்டுக்குப் போகட்டும். பிறகு இரண்டு பீட், பிறகு ஒரு பார். முழுப் பக்கத்தை மெதுவாக நூறு முறை வாசிப்பதை விட இது பலன் தரும்.

எங்கள் திருச்சபை இளைஞர் குழுவில் மூன்று வயலின், ஒரு செல்லோ இருக்கிறது. வயோலா இல்லை. கர்நாடக வயலின் கற்ற இருவரும் வரத் தயார். இதை வைத்து கன்செர்ட்டோவை மேடையேற்ற முடியுமா?
– வாசகர், தோட்டப்பாளையம்

தாராளமாக முடியும். கீபோர்டைத் தவிர பாஹ் கேட்பது முதல் வயலின், இரண்டாம் வயலின், வயோலா, கீழ்ச்சுர வரி, இந்த நாலுதான். வரிக்கு ஒருவர் இருந்தாலே முழுமையாக ஒலிக்கும். டபுள் பேஸ் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குறையில்லை. செல்லோ மட்டும் கண்டிப்பாக வேண்டும், அது உங்களிடம் இருக்கிறது.

வயோலா வரியை மூன்றாவது வயலின் எடுத்துக்கொள்ளலாம். வயோலாவின் கிளெஃபில் (சுரங்களின் இடத்தைச் சொல்லும் தொடக்கக் குறி) எழுதிய தாளை அப்படியே நீட்டினால் ஒத்திகை அங்கேயே நின்றுவிடும், வயலின்காரர் படிக்கும் ட்ரெபிள் கிளெஃபில் மாற்றி எழுதிக் கொடுங்கள். வயலினின் கடைசி எல்லை தாழ்ந்த ஜி. அதற்குக் கீழே போகும் சுரங்களை ஒரு ஆக்டேவ் ஏற்ற வேண்டும். ஏற்றும்போது ஒற்றைச் சுரத்தை மட்டும் ஏற்றாமல் அந்தச் சொற்றொடர் முழுவதையும் ஏற்றுங்கள், இல்லாவிட்டால் வரி நடுவில் ஒடிந்தது போலக் கேட்கும்.

கர்நாடக வயலின்காரர்களின் விஷயத்தில் மூன்று காரியம். முதலில் சுருதி. அவர்கள் ச-ப-ச-ப என்று வைத்திருப்பார்கள், இங்கே ஜி-டி-ஏ-இ வேண்டும். 2 கட்டை, அதாவது டி சுருதியில் இருந்த வயலினில் முதல் தந்தி ஏ-யிலிருந்து இ வரை, ச-விலிருந்து ப வரையிலான தூரம், ஏற வேண்டும். ஒரே மூச்சில் முறுக்கினால் பழைய தந்தி அறுந்துவிடும். நாலு தந்தியையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி ஏற்றி, நடுநடுவே பிரிட்ஜ் முன்னால் சாய்கிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள், சாய்ந்தால் இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்துங்கள். புதுச் சுருதி நிலைக்க இரண்டு மூன்று நாள் ஆகும். ஒத்திகைக்கென்று ஒரு வயலினைத் தனியாக வைப்பதே நல்லது.

அடுத்தது கமகம். முதல் பகுதி தொடங்கும் 6 பாரும் எல்லா வாத்தியமும் ஒரே வரியை ஆக்டேவ்களில் வாசிக்கின்றன. கீபோர்டு அசையாத சுரத்தில் நிற்கும்போது பக்கத்தில் ஒரு வயலின் லேசாக அசைத்தாலும் மொத்தமும் கலங்கிவிடும். மூன்றாவது, அந்தர காந்தாரம். கச்சேரிக் காதுக்குச் சுத்தமான காந்தாரம் கீபோர்டின் காந்தாரத்தை விட 14 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) தாழ்ந்தது. மேஜர் கார்டு வரும் இடங்களில் கர்நாடக வயலின்காரர் நல்ல காதால்தான் கீழே இறங்குவார். தவறு என்று சொல்லாமல், கீபோர்டோடு நீண்ட சுரங்களாக வாசித்துப் பழக்குங்கள். இவர்களால் உங்களுக்கு ஒரு பெரிய லாபமும் உண்டு. திறந்த தந்தியோடு விளையாடும் அந்த இடங்களை அவர்கள் வயலினில் வாசித்துக் காட்டினால், கீபோர்டுக்காரருக்கு அரை மணியில் புரிந்துவிடும்.

ஒத்திகை குறைந்தது ஆறு. முதல் இரண்டும் கீபோர்டு இல்லாமல் தந்திகள் மட்டும். ஏப்ரல், மே மாதமென்றால் நாற்பது டிகிரி வெயிலில் கூடம் சூடேறி வயலின்களின் சுருதி இறங்கும், டிஜிட்டல் கீபோர்டு இறங்காது. ஒவ்வொரு பகுதிக்கும் இடையே சுருதி பாருங்கள். ரோசினை வண்டியின் டிக்கியில் வைத்தால் உருகி ஒட்டிக்கொள்ளும்.

தாள்கள் வாங்க வழியில்லை என்றால் 19-ஆம் நூற்றாண்டு பாஹ்-கெசெல்ஷாஃப்ட் பதிப்பு பொதுவுடைமை. ஐ.எம்.எஸ்.எல்.பி. என்ற இணையத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். அச்செடுக்கும்போது இரண்டு பியானோவுக்கான சுருக்கமா, முழு ஸ்கோரா என்று பார்த்து எடுங்கள்.

டி-யை ச-வாக வைத்தால் இது கீரவாணியா?
– வாசகர், ஆரணி

சுரங்கள் அளவில் கீரவாணியும் நடபைரவியும் கலந்து வரும், ஏறும் சில இடங்களில் கௌரிமனோகரி எட்டிப் பார்க்கும். ஆனால் ச ஒரே இடத்தில் நிற்பதில்லை. டி மைனரில் தொடங்கி ஏ மைனர், எஃப் மேஜர் என்று வீடு மாறிக்கொண்டே போய்த் திரும்பி வரும். தம்புராவைப் போட்டுக்கொண்டு கேட்டால் நாலாவது வரியிலேயே இடிக்கும். கிரகபேதம் (ச-வை வேறு சுரத்துக்கு மாற்றுவது) தெரிந்தவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் தொடக்க வரி திரும்ப வருவதைக் கவனித்துக் கேளுங்கள், பல்லவிக்குத் திரும்புவது போல அது உங்களைக் கரைசேர்க்கும்.

எல்லோரும் சேர்ந்து வாசிக்கும் இடங்களில் கீபோர்டு சும்மா இருக்கலாமா? மூச்சு வாங்க நேரம் கிடைக்குமே.
– வாசகி, வாலாஜாபேட்டை

இருக்கக் கூடாது. பாஹ் அந்த இடங்களிலும் கீபோர்டுக்குச் சுரம் எழுதியிருக்கிறார். நீங்கள் நிறுத்தினால் தாளத்தின் முதுகெலும்பு போய்விடும். பியானோவாக இருந்து வயலின்களை அமுக்குகிறது என்றால் மூடியைச் சிறிய குச்சியில் நிறுத்துங்கள், வாசிப்பதைக் குறைக்காதீர்கள். மெட்ரோனோம் பழக்கத்தில் ஒரு எச்சரிக்கை. நடுப்பகுதி அடாஜியோ (மெதுவான நடை), 3/4 தாளம், கால் சுரத்துக்கு 40 அளவில் நடப்பது. அதற்கு மெட்ரோனோமை 80-இல் வைத்து அரைக்கால் சுரங்களை எண்ணுங்கள். 40-இல் வைத்தால் எல்லோரும் தட்டுக்குத் தட்டு விலகிப்போவார்கள்.

எங்கள் பழைய பியானோ மே மாதத்தில் சுருதி சேர்த்தால் டிசம்பருக்குள் கலைந்துவிடுகிறது. கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு எப்போது டியூன் செய்வது?
– வாசகர், கோட்டைப் பகுதி, வேலூர்

பியானோவின் ஒலிப்பலகை மரம். மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சி உப்பும், தந்திகள் இழுபட்டு நடு ஆக்டேவ்கள் மேலே போகும். கோடையில் உலர்ந்து சுருங்கினால் கீழே இறங்கும். மே மாத வறட்சியில் வைத்த சுருதி ஐப்பசி மழையில் நிற்காது. மழை நன்றாகப் பிடித்து, மரம் ஈரத்துக்குப் பழகிய பிறகு, நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்னால் டியூன் செய்து, முந்தைய நாள் ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள். பல வருடம் தொடாத பியானோவை ஒரே நாளில் 440-க்கு இழுத்தால் மறுநாளே பாதி இறங்கிவிடும். இரண்டு மூன்று தவணையாக ஏற்ற வேண்டும். ஜன்னலோரத்திலிருந்தும் ஏசி காற்றிலிருந்தும் நகர்த்தி, உள்சுவர் பக்கம் வையுங்கள். அறையின் ஈரப்பதம் 45-லிருந்து 60 சதவீதத்துக்குள் இருந்தால் பாதித் தொல்லை தீரும். நூறு ரூபாய்ச் சாமான் போலத் தெரியும் ஈரமானி ஒன்றைப் பியானோ மேல் வைத்து எழுதி வாருங்கள்.

காபிக் கடையில் வாசித்த இசையை ஆலயத்தில் வாசிப்பது பொருந்துமா என்று மூத்தவர்கள் கேட்கிறார்கள்.
– வாசகர், இராணிப்பேட்டை

பாஹே இதை ஆலயத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார். முதல் இரண்டு பகுதிகளும் பி.டபிள்யூ.வி. 146 என்ற கன்டாட்டாவில் (குரலும் வாத்தியமும் சேர்ந்த ஆலய இசை), தனி வாத்தியமாக ஆர்கனோடு வருகின்றன. மூன்றாம் பகுதி 188-ஆம் கன்டாட்டாவின் தொடக்கத்தில் வருகிறது. 146-இன் வாசகம் உங்கள் மூத்தவர்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும்: அப்போஸ்தலர் 14:22, ‘நாம் அநேக உபத்திரவங்களின் வழியாய் தேவனுடைய ராஜ்யத்தில் பிரவேசிக்கவேண்டும்’. அடாஜியோவில் எல்லா வாத்தியமும் சேர்ந்து தாழ்ந்த குரலில் அடியெடுத்து வைக்கும் அந்தக் கனத்த வரியின் மேல், பாடகர் குழு இந்த வசனத்தைப் பாடுகிறது. அதைத் தெரிந்துகொண்டு அடாஜியோவை வாசித்தால் ஏன் அவசரப்படக் கூடாது என்பது தானே விளங்கும். நல்ல பாடகர் குழு உள்ள சபைகள் அந்த வடிவத்தையே முயன்று பார்க்கலாம்.

உயர்ந்த கூரையும் சுண்ணாம்புச் சுவரும் உள்ள பழைய ஆலயங்களில் எதிரொலி அதிகம் இருக்கும். அங்கே முதல் பகுதியை 88-க்கு மேல் கொண்டுபோக வேண்டாம், சுரங்கள் ஒன்றோடொன்று குழம்பிவிடும்.

டி மைனர் எனக்கு எட்டாது. காணிக்கை நேரத்தில் வாசிக்கும் அளவுக்கு எளிதாக, இதே வகையில் ஏதாவது?
– வாசகி, போளூர்

எஃப் மைனர் கன்செர்ட்டோவின் (1056) நடுப்பகுதியான லார்கோவை (மெதுவான பகுதி) எடுங்கள். மொத்தம் 21 பார்தான். ஏ-ஃப்ளாட் மேஜர், நாலு ஃப்ளாட். வயலின்கள் வில்லை வைத்துவிட்டு விரலால் மீட்டிக்கொண்டிருக்க, வலது கை ஒரே நீண்ட ராகத்தை அலங்காரத்தோடு பாடுகிறது. இதன் எளிய வடிவம் 156-ஆம் கன்டாட்டாவில் ஓபோ என்ற குழல் வாத்தியத்துக்கு, எஃப் மேஜரில் இருக்கிறது. முதலில் அந்த ஓபோ வரியை மனப்பாடம் செய்யுங்கள். அதன் மேல் போட்ட கோலம்தான் கீபோர்டு வரியின் சின்னச் சின்னச் சுரங்கள் என்று கண்ணுக்குத் தெரியும், எதை அழுத்துவது, எதை நழுவவிடுவது என்றும் தெரியும். ட்ரில்லை (பக்கத்துச் சுரங்கள் இரண்டை மாற்றி மாற்றி வேகமாக வாசிப்பது) மேல் சுரத்திலிருந்து தொடங்குங்கள். மகன் வில்ஹெல்ம் ஃப்ரீடெமானுக்காக 1720-இல் தொடங்கிய பாட நோட்டில் பாஹ் எழுதிக் காட்டியது அப்படித்தான். இடது கையை, மீட்டும் வயலின்களைப் போலக் குட்டையாகத் தொட்டு விடுங்கள், பெடல் வேண்டாம். லார்கோ வீட்டுச் சுரத்தில் முடியாமல் அடுத்த பகுதிக்கு வழிவிட்டு சி மேஜரில் நிற்கும். தனியாக வாசிக்கும்போது அதற்கு முன்னால் ஏ-ஃப்ளாட்டில் அமரும் இடத்திலேயே நிறுத்திக்கொள்ளுங்கள், காணிக்கைத் தட்டு திரும்பி வரும் நேரத்துக்குச் சரியாக இருக்கும்.